வாய் ஓயாமல் காய்கிறதா? ஷோக்ரன், முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்கள் பல்லையும் எச்சில் சுரப்பியையும் பார்த்துக்கொள்வது எப்படி

வாய் காய்கிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ‘உடம்பு சூடு’தான். அப்புறம் நன்னாரி சர்பத், சீரகத் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று வரிசையாக வைத்தியம் சொல்வார்கள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வாய் காய்ந்தால் அதெல்லாம் சரி. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் வாய் காய்கிறது, தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் இட்லிகூட இறங்கவில்லை, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, அதோடு விரல் மூட்டு காலையில் மடங்க மறுக்கிறது என்றால் சூட்டைத் தணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. எச்சில் சுரப்பியையே நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் தாக்குகிற ஆட்டோ இம்யூன் நோயாக அது இருக்கலாம், ஷோக்ரன் அப்படிப்பட்ட ஒன்று.

என் அம்மாவுக்கு முடக்குவாதம், அதோடு சேர்ந்து வந்த ஷோக்ரன். அவரைப் பார்த்துக்கொள்ளும் இந்த வருடங்களில் நான் தெரிந்துகொண்டதையும் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் குடித்தால் தாகம் அடங்கும், ஆனால் எச்சில் செய்கிற வேலையைத் தண்ணீர் செய்யாது. அதனால் வாய் வறட்சி என்று தெரிந்த அன்றைக்கே பல்லைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்குங்கள். நோய்க்குப் பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெயர் தெரியச் சில சமயம் வருடக்கணக்காகும், அதற்குள் பாதிப் பல் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் பரோட்டிட், தாடைக்கு அடியில் சப்மாண்டிபுலர், நாக்குக்கு அடியில் சப்லிங்குவல் என்று மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள். இவை போக உதட்டின் உள்பக்கம், கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். சாப்பிடாமல் சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் சப்மாண்டிபுலர்தான். மெல்லும்போது பரோட்டிட் நிறையச் சுரக்கும். அதனால்தான் ஆரம்பக் கட்டத்தில் சிலருக்குச் சாப்பிடும்போது கஷ்டம் தெரியாது, ராத்திரியில் மட்டும் வாய் பாலைவனமாகிவிடும்.

எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் இருக்கிறது, கிருமியை அடக்கும் புரதங்கள் இருக்கின்றன. இனிப்போ மாவுப் பண்டமோ சாப்பிட்டால் வாயில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்றும். வாயின் பிஎச் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைத் திரும்பப் பல்லில் சேர்க்கும். எச்சில் வற்றினால் இந்தப் பழுது பார்க்கும் வேலை நின்றுபோகிறது.

ஷோக்ரன் நோயில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் சுரப்பிக் குழாய்களைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரப்பியைச் சேதப்படுத்துகின்றன. மிச்சமிருக்கும் நல்ல பகுதிக்கும் நரம்பின் கட்டளை சரியாக எட்டுவதில்லை. 1933ல் ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண்ணும் வாயும் வறண்டு மூட்டு வலியும் இருந்த பெண்களைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார், நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. இது தனியாகவும் வரும், முடக்குவாதம், தோல், மூட்டு, கிட்னி என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தோலை இறுக்கும் ஸ்கிளிரோடெர்மா ஆகியவற்றோடு சேர்ந்தும் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் நாற்பது ஐம்பது வயதில்தான் பெரும்பாலும் தெரியவரும். மாதவிலக்கு நிற்கிற வயது என்பதால் எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த வயதுப் பெண்கள் ‘எனக்கு வாய் காயுது’ என்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். அவர்களும் எதற்கு இன்னொரு செலவு என்று சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது?

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நாக்குக்கு அடியில் கொஞ்சம் எச்சில் தேங்கி மினுமினுக்க வேண்டும். அங்கே ஈரமே இல்லாமலோ வெள்ளை நுரை மட்டுமோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நாக்கு சொரசொரவென்று வெடித்தோ, மேல்புறம் வழவழவென்று சிவந்தோ இருக்கிறதா பாருங்கள். ஒரு ரஸ்க்கையோ வறண்ட முறுக்கையோ தண்ணீர் இல்லாமல் மென்று விழுங்க முடிகிறதா? அம்மா டீயில் முக்காமல் ரஸ்க் தின்பதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது, ஆனால் அதை யாரும் ஒரு அறிகுறியாக நினைக்கவில்லை. பேசப் பேச நாக்கு ஒட்டிக்கொண்டு ‘டக் டக்’ என்று சத்தம் வருவது, சாப்பாட்டு ருசி மாறுவது, உதட்டோரம் வெடிப்பது, காரம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு எரிவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

பல்லைப் பாருங்கள். சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழியிலோ பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலோ வரும். எச்சில் குறைந்தால் ஈறும் பல்லும் சேரும் இடத்தில், பல்லின் கழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு மாதிரி ஓடும். கீழ்வரிசை முன்பல்லில், பல்லின் நுனியில், கேப் போட்ட பல்லின் விளிம்பில் என்று வழக்கமில்லாத இடங்களில் வரும். ஒழுங்காகப் பல் தேய்க்கிற ஒருவருக்கு ஒரே வருடத்தில் பல பற்கள் இப்படி ஆனால் சுத்தத்தைக் குறை சொல்லாதீர்கள், எச்சிலைச் சந்தேகப்படுங்கள். அம்மாவைப் பரிசோதித்த பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு எடுக்கும்போது அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தோலை இழுத்துக்கொண்டு வந்தது. அவர் உடனே நிமிர்ந்து, “கண்ணு எப்படிம்மா இருக்கு, உறுத்துதா?” என்று கேட்டார். எங்களுக்கு வழி திறந்தது அந்தக் கேள்வியில்தான்.

அதே சமயம் வாய் காய்ந்தாலே ஷோக்ரன் என்று பயந்துவிடவும் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வாய் காயும். சளி, அலர்ஜிக்குப் போடும் மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற மனநல, நரம்பு வலி மாத்திரைகள், சிறுநீரை அடக்கப் போடும் மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரைகள் எல்லாம் எச்சிலைக் குறைக்கும். தலை கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு இது மிகவும் சகஜம். ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, சார்காய்டோசிஸ் ஆகியவையும் இதே மாதிரிக் காட்டும். ஆகவே டாக்டரிடம் போகும்போது நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரை ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யாரிடம் போவது, என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

பார்க்க வேண்டியது மூட்டு நோய்களையும் ஆட்டோ இம்யூன் நோய்களையும் கவனிக்கும் ரூமட்டாலஜி டாக்டரை. வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அங்கே ரூமட்டாலஜி பிரிவு உண்டு. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் உண்டு, விம்கோ நகர் பக்கமிருந்து வருபவர்கள் மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பல்லுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. அவரவர் வசதிப்படி தனியாரிடமும் போகலாம், ஆனால் வாய், கண், மூட்டு மூன்றையும் ஒரே ஆளிடம் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் பல்லை மட்டும், கண் டாக்டரிடம் கண்ணை மட்டும், எலும்பு டாக்டரிடம் முட்டியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் மூன்று துண்டும் ஒன்று சேரவே சேராது.

ரத்தத்தில் ஏஎன்ஏ என்ற, நம் உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கூடவே ஆன்டி எஸ்எஸ்ஏ, ஆன்டி எஸ்எஸ்பி என்ற எதிர்ப்பொருட்கள். ரோ, லா என்றும் இவற்றைச் சொல்வார்கள். தனியார் லேபில் இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு எடுங்கள். கண்ணுக்கு ஷிர்மர் டெஸ்ட்: ஒரு காகிதத் துண்டைக் கீழ் இமையில் மடித்துச் செருகி வைப்பார்கள், 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்தால் கண்ணீர் குறைவு என்று அர்த்தம். எச்சிலை அளப்பதும் எளிது. எதையும் மெல்லாமல், 15 நிமிடம் ஊறுவதையெல்லாம் ஒரு குப்பியில் துப்பச் சொல்வார்கள். மொத்தம் 1.5 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 0.1 மில்லி, அவ்வளவுதான் அல்லது அதற்கும் குறைவு என்றால் வறட்சி உறுதி. இந்த டெஸ்டுக்குப் போகும்முன் ஒரு மணி நேரமாவது சாப்பிடாமல், புகைக்காமல், பல் தேய்க்காமல் இருப்பது நல்லது.

உதட்டு பயாப்சி என்றதும் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். கீழுதட்டின் உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, மிளகைவிடச் சிறிய சுரப்பிகள் சிலவற்றை எடுத்து ஓரிரு தையல் போடுவார்கள். ஒரு வாரம் போல் வலியும் வீக்கமும் இருக்கலாம், சிலருக்கு அந்த இடத்தில் மரமரப்பு கொஞ்ச நாள் நிற்கும், அபூர்வமாக நீண்ட நாளும் இருப்பதுண்டு. அந்தத் துண்டில் லிம்போசைட் கூட்டம் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 2016ல் அமெரிக்க, ஐரோப்பிய ரூமட்டாலஜி சங்கங்கள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையில் பயாப்சிக்கு 3, ஆன்டி எஸ்எஸ்ஏவுக்கு 3, ஷிர்மர், கண்ணில் சாயம் விட்டுப் பார்ப்பது என்ற கண் டெஸ்ட் இரண்டுக்கும் எச்சில் அளவுக்கும் தலா 1 மதிப்பெண். 4 வந்தால் ஷோக்ரன். ரத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. சுரப்பிகளுக்கு அல்ட்ரா சவுண்டும் இப்போது நிறைய எடுக்கிறார்கள், வலி கிடையாது.

இன்னொன்றும் உண்டு, ஐஜிஜி4 சார்ந்த நோய். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும், சில சமயம் கண் இமைக்கு மேலும் வலியில்லாத கெட்டியான வீக்கம் வரும். ஐம்பது அறுபது வயது ஆண்களிடமும் நிறையப் பார்க்கலாம். வீக்கத்தோடு ஒப்பிட்டால் வறட்சி குறைவாக இருக்கும், ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கும். இதற்கு வைத்தியம் வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

தினமும் செய்ய வேண்டியது

பேஸ்ட் டியூபைத் திருப்பிப் பாருங்கள், ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம் என்று போட்டிருக்கும். சாதாரணப் பேஸ்ட்டில் 1000 முதல் 1450 வரை இருக்கும். பல மூலிகைப் பேஸ்ட்டுகளிலும் பல்பொடியிலும் ஃப்ளோரைடு கிடையாது. எச்சில் நன்றாக ஊறுபவர்களுக்கு அது ஓரளவு ஓடிவிடும், வற்றிப்போன வாய்க்கு ஓடாது. பல் டாக்டரிடம் கேட்டால் 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதித் தருவார், பெரியவர்களுக்கு மட்டும்தான், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மெல்லிய பிரஷ், காலையும் படுக்கப் போகும்போதும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து கால்வாயில் போய்விடும். முதல் வாரம் இது அருவருப்பாகத்தான் இருக்கும், பழகிவிடும். புதினா எரிந்தால் சுவையில்லாத, நுரை குறைந்த பேஸ்ட்டுக்கு மாறுங்கள். கரித்தூள், செங்கல் தூள், உப்பு போட்டு விரலால் தேய்ப்பதை எல்லாம் இன்றோடு விடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் போய் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள், பூச ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சாப்பிட்ட பிறகு கொப்பளித்துத் துப்பலாம். அமிலத்தைத் தணிக்கும், பிசுபிசுப்பையும் எடுக்கும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், இன்னும் காய வைக்கும்.

இப்போது புளிப்பு மிட்டாய். இதில்தான் நான் பார்த்த பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். வாய் காய்ந்தால் புளிப்பு வைத்தால் எச்சில் ஊறும் என்பது உண்மைதான், ஆகவே இடுப்புச் சுருக்குப் பையில் எலுமிச்சை மிட்டாய், புளி மிட்டாய், உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். எச்சில் இருப்பவர் வாயில் புளிப்பு சில நிமிடத்தில் கழுவப்பட்டுவிடும். எச்சில் இல்லாதவர் வாயில் சர்க்கரையும் அமிலமும் மணிக்கணக்கில் பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்தால் எந்தப் பேஸ்ட்டாலும் காப்பாற்ற முடியாது. கோலி சோடா, பாட்டில் கூல்ட்ரிங்க்ஸ், அடிக்கடி வாய் வாயாகக் குடிக்கும் சர்க்கரை டீ எல்லாமே அதே ரகம். டீ வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை உறிஞ்சாதீர்கள். எச்சில் ஊற வைக்கச் சர்க்கரை இல்லாத, சைலிட்டால் போட்ட சூயிங்கம் அல்லது மிட்டாயை வாங்கிக்கொள்ளுங்கள், மெல்லும் அசைவிலேயே மிச்சமிருக்கும் சுரப்பி சுரக்கும். அதிகமானால் வயிற்றைக் கலக்கும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டாலை அது தின்ன விடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, மாவா. ‘இதைப் போட்டாத்தான்மா வாயில தண்ணி ஊறுது, இன்னா பண்றது’ என்று காசிமேட்டில் மீன் கூடை வைத்திருக்கும் ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவர் சொல்வது புரிகிறது, ஆனால் பாக்கு உள்தோலை இறுக்கி வாயைத் திறக்க முடியாமல் செய்யும், வாய்ப் புற்றுக்கும் வழி விடும், வறண்ட தோல் இன்னும் சீக்கிரம் புண்ணாகும். இதில் சமாதானத்துக்கு இடமே இல்லை.

சாப்பாடு விஷயத்தில் நம் ஊர்ச் சமையல் கைகொடுக்கும். குழையக் குழைய வெந்த சாதம், தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ், கஞ்சி, குழம்பில் ஊறிய இட்லி, முள் எடுத்த சங்கரா மீனோ வஞ்சிரமோ போட்ட காரம் குறைந்த தேங்காய்ப் பால் குழம்பு எல்லாம் இறங்கும். வடகறியில் பருப்பு உதிரி உதிரியாக இருந்தால் தொண்டையில் ஒட்டும், குழம்பு மாதிரித் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடாமல் இருக்க முடியாது என்பவர்கள் மிளகாய்த்தூள், எலுமிச்சை, பொரித்த பேஜோ மூன்றையும் குறைக்கச் சொல்லி, கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு, அப்பளம், வறுவல் வேண்டாம், உப்பும் உரசலும் சேர்ந்து வாயைப் புண்ணாக்கும். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் நனைகிற அளவுக்கு அடிக்கடி குடியுங்கள். இதயம், கிட்னி பிரச்சனை இருந்து தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம்.

ராத்திரிதான் மோசம், தூக்கத்தில் எச்சில் இயல்பாகவே குறையும். ஃபேன் காற்று முகத்துக்கு நேரே அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு வைத்தியம் பாருங்கள், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் லாரிப் புழுதியில் குடியிருப்பவர்களுக்கு மூக்கடைப்பும் வாயால் மூச்சு விடுவதும் ரொம்பச் சகஜம், அது வறட்சியை இரண்டு மடங்காக்கும். மருந்துக் கடையில் செயற்கை எச்சில் என்று கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் கலந்த ஸ்ப்ரேயும் ஜெல்லும் கிடைக்கும், படுக்கும் முன் ஜெல்லை ஈறிலும் நாக்கிலும் தடவினால் சில மணி நேரம் தாங்கும். தேங்காய் எண்ணெயைத் துளி தடவினால் சிலருக்கு இதமாக இருக்கிறது, தடவலாம், ஆனால் அது பல்லைக் காப்பாற்றாது. பல் செட் போடுபவர்கள் ராத்திரி கட்டாயம் கழற்றிக் கழுவி ஊறப் போடுங்கள்.

நாக்கு திடீரென்று நெருப்பாக எரிகிறது, உதட்டின் இரண்டு ஓரமும் கிழிகிறது, அண்ணம் சிவந்திருக்கிறது, வெள்ளையாகப் படிகிறது என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். வறண்ட வாயில் வெள்ளைப் படிவம் இல்லாமல் சிவப்பு மட்டும் இருப்பதும் உண்டு, அதனால் பலர் அல்சர், பி-காம்ப்ளெக்ஸ் குறைவு என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். டாக்டர் கிளாட்ரிமசோல் மவுத் பெயின்ட்டோ நிஸ்டாட்டினோ கொடுப்பார், பல் செட்டுக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

கன்னம் வீங்கினால்

காதுக்குக் கீழே வீங்கியதும் நம் வீடுகளில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு மஞ்சள் பத்துப் போடுவார்கள். பொன்னுக்கு வீங்கி பொதுவாக ஆயுளில் ஒரு முறைதான் வரும். அதே கன்னம் திரும்பத் திரும்ப வீங்குகிறதென்றால் அது வேறு. எச்சில் ஓட்டம் குறைந்ததால் குழாயில் அடைப்போ கிருமித் தொற்றோ வந்திருக்கலாம், நோயின் அழற்சியாகவும் இருக்கலாம்.

லேசான வீக்கம், காய்ச்சல் இல்லை என்றால், வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பிறகு இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்து, கன்னத்து எலும்புக்குக் கீழாக வாயோரம் நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே கொண்டுவாருங்கள். பரோட்டிட்டின் வாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உள்பக்கம் இருக்கிறது, அங்கே எச்சில் வந்து சேர வேண்டும். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிக்குத் தாடை மூலையிலிருந்து முகவாய் நோக்கித் தடவுங்கள். சில தடவை செய்தால் உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு திரவம் வாயில் வருவது தெரியும். செய்த பிறகு தண்ணீர் குடித்துவிட்டு சூயிங்கம் மெல்லலாம். காய்ச்சல், சிவப்பு, கடும் வலி, வாய்க்குள் சீழ் என்றால் தேய்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலியே இல்லாமல், கெட்டியாக, ஒரு பக்கம் மட்டும், வாரக்கணக்கில் கரையாத வீக்கத்தை இதைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஷோக்ரன் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வாக்கில் வாழ்நாளில் லிம்போமா என்ற ரத்தப் புற்று வரலாம், அதில் பெரும்பாலானது மெதுவாக வளரும் வகை, பரோட்டிட்டில் தொடங்குவது வழக்கம். கழுத்தில் நெறிகட்டி, காரணம் தெரியாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, காலில் செம்புள்ளிகள், ரத்தத்தில் சி4 என்ற புரதம் குறைவு இவையெல்லாம் டாக்டர் கவனிக்கும் குறிகள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இது வருவதில்லை. மாதம் ஒரு முறை குளிக்கும்போது இரண்டு கன்னத்தையும் கழுத்தையும் தடவிப் பாருங்கள், போதும்.

மாத்திரைகள்

எச்சில் சுரக்க வைக்கும் மாத்திரையாக பைலோகார்பின் 5 மில்லிகிராம் தருவார்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வரை. செவிமெலின் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் சுரப்பியில் மிச்சமிருக்கும் நல்ல பகுதியைத் தூண்டிவிடுபவை, முழுதாக அழிந்த சுரப்பியை உயிர்ப்பிக்க முடியாது, ஆகவே சீக்கிரம் தொடங்குவதுதான் லாபம். வியர்வை கொட்டும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும், சிலருக்குக் குமட்டும். குறைந்த அளவில் தொடங்கினால் தாங்கும். ஆஸ்துமாவோ குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து அவர்களுக்கு ஆபத்தாகலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மூட்டு வலிக்கும் தோலுக்கும் தருவது, வாய் வறட்சியை அது பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே அதைப் போட்டும் வாய் காய்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வேலைக்கு. அதைப் போடுபவர்கள் தொடக்கத்திலும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷோக்ரன் கிட்னியைப் பாதித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். காலையில் எழுந்தால் கைகால் தூக்க முடியவில்லை, திடீரென்று துவண்டுவிட்டது என்றால் வாதம் அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், ஷோக்ரன் இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு. ஆன்டி எஸ்எஸ்ஏ பாசிட்டிவ் என்றால் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூற்றில் ஓரிரு குழந்தைக்கு இதயத் துடிப்புக் கோளாறு வரலாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கின்றன, ஆனால் 16வது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்தை எக்கோவில் தொடர்ந்து பார்ப்பார்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரியில் பதிவு செய்தாலும் பக்கத்து நர்சிங் ஹோமில் பதிவு செய்தாலும், கர்ப்பம் உறுதியான முதல் விசிட்டிலேயே அந்த ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, கார்டில் எழுதச் சொல்லுங்கள்.